லூசியா: டார்ச்காரனின் கனவு

அன்புள்ள சார்,

பவன் குமாரோட கன்னடப் படம் லூசியாவ மூணு தடவ பாத்துட்டேன். எது கனவு எது நிஜம்னு இன்னும் குழப்பமா இருக்கு. யூட்யூப்ல அஞ்சாறு விளக்க வீடியோவும் பாத்தேன், ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க. நீங்க சொல்லுங்க. தூக்கம் வராத அந்த தியேட்டர் டார்ச்காரன் கனவுக்காக போடற லூசியா மாத்திரை, அப்படி ஒண்ணு நிஜமாவே இருக்கா? தமிழ்ல ரீமேக்கா வந்த எனக்குள் ஒருவனும் பாக்கணுமா? இத எழுதறப்ப மணி ராத்திரி ரெண்டே முக்கால்.

ம.

தம்பி,

மொதல்ல போய் தூங்குங்க. தூக்கம் வராதவனோட கதைய மூணு தடவ பாத்தா தூக்கம் வருமா?

மாத்திரை கதைக்காக உண்டாக்கினது, மெடிக்கல் ஷாப்ல போய் கேட்டு மானத்த வாங்காதீங்க. எனக்குள் ஒருவன் 2015ல சித்தார்த் நடிச்சு வந்தது, நேரமிருந்தா பாருங்க. எது கனவுங்கறத படமே கடைசில சொல்லிடுதே! கறுப்பு-வெள்ளைல வர்ற நடிகன் நிஜம், கலர்ல வர்ற டார்ச்காரன் அவன் காணுற கனவு. (படம் வந்தது 2013ல, இன்னும் பாக்காதவங்க திட்டக்கூடாது.) மூணு தடவ பாத்தும் இது பிடிபடலன்னா நீங்க படத்த பாக்கல, வீடியோவத்தான் பாத்திருக்கீங்க.

இப்ப நான் உங்கள ஒண்ணு கேக்கறேன். மொத தடவ பாக்கறப்ப நடிகன் வாழ்க்கைதான் கனவுன்னு உடனே நம்பினீங்கல்ல, ஏன்? கறுப்பு-வெள்ளைங்கறதாலயா? கனவு கறுப்பு-வெள்ளைலதான் வரும்னு எவன் சொன்னான், கறுப்பு-வெள்ளை டிவி பாத்து வளர்ந்த தலைமுறைதான் அப்படி கனவு வர்றதா அதிகமா சொல்லுதுன்னு 2008ல ஒரு ஆராய்ச்சிகூட வந்துச்சு, உங்க வயசுக்கு அதெல்லாம் இல்ல. நீங்க நம்பினது வேற காரணத்துக்காக. தியேட்டர்ல டார்ச் அடிக்கறவன் ஸ்டாராகணும்னுதான் கனவு காணுவான், வேற என்னத்த காணப்போறான்னு நமக்கு ஒரு நெனப்பு. அந்த திமிர் மேலதான் பவன் குமார் மொத்த படத்தயும் கட்டியிருக்கார். 110 பேர் சேந்து 27 நாள்ல போட்ட 51 லட்சத்துல எடுத்த படம், அதான் தப்பிச்சுது, தனியா ஒரு தயாரிப்பாளர் இருந்திருந்தா ஸ்டார் வாழ்க்கைய கலர்ல எடுய்யான்னு கண்டிப்பா சொல்லியிருப்பார்.

எங்க சித்தப்பா பெங்களூர் மெஜஸ்டிக் பக்கம் ஒரு தியேட்டர்ல டார்ச் அடிச்சவர். பேர் சொல்ல வேணாம், அந்த தியேட்டரும் இப்ப இல்ல, அந்த ஏரியால முக்காவாசி போயிருச்சு, கபாலி தியேட்டரே போயிருச்சு. ஒரு லீவுக்கு போயிருந்தப்ப எனக்கு பதினோரு வயசு, கதவோரம் ஒரு ஸ்டூல் போட்டு உக்கார வச்சிருவார். அவர் டார்ச்ச நேரா அடிக்கவே மாட்டார், கண்ணாடிய உள்ளங்கையால மூடி வெரலிடுக்கு வழியா தரைல மட்டும் விழவிடுவார், வெரலெல்லாம் செக்கச்செவேல்னு தெரியும். படத்துல ஹீரோ சதீஷ் நீனாசம் டார்ச்சோட இருட்டுல நிக்கறத பாத்ததும் நான் போய் விழுந்தது அந்த ஸ்டூல்ல. கர்நாடகத்துல ஹெக்கோடு ஊர்ல இருக்கற நீனாசம் நாடகப் பள்ளில படிச்சுட்டு வந்த ஆளு, அந்த நிக்கறதுல ஒரு கூச்சம் இருக்கும், அத கவனிச்சீங்களா? இல்ல, உங்களுக்கு க்ளைமாக்ஸ் வேணும்.

நாலு ஷோ வேல பாத்தும் சித்தப்பா ஒரு படத்தயும் முழுசா பாத்ததில்ல. லேட்டா வர்றவங்களுக்கு எடம் காட்டுற நேரத்துல மொத அரைமணி போயிரும், அப்புறம் எவனாவது வெளிய போவான் வருவான். கதை கேட்டா நடுவுலேர்ந்துதான் சொல்லுவார். செகண்ட் ஷோ முடிஞ்சு ரூமுக்கு வந்தா அவருக்கும் தூக்கம் வராது, அவ்ளோ நேரம் இருட்டுலயே இருந்துட்டு மறுபடி இருட்டானு வெளக்க போட்டு வச்சுட்டு படுத்திருப்பார். ஒருநாள் கேட்டேன், சித்தப்பா உங்களுக்கு கனவுல ராஜ்குமார் வருவாரான்னு. சிரிச்சார்.

"அவரு எதுக்குடா வர்றாரு. படம் ஓடிக்கிட்டிருக்கு, டார்ச்ல பேட்டரி தீந்துபோச்சு, வாசல்ல நூறு பேரு டிக்கெட்ட நீட்டிக்கிட்டு நிக்கறாங்க. அதாண்டா தெனமும்."