சுபுஹு ஜமாஅத்தும் கோத்தகிரிக் குளிரும்

அஸ்ஸலாமு அலைக்கும் தம்பி. கோத்தகிரியில் தேயிலை ஃபேக்டரி வேலை, பள்ளிவாசல் மூன்று கிலோமீட்டர், உறைபனியில் சுபுஹு என்ற அதிகாலைத் தொழுகைக்குப் போக முடியவில்லை, அறையில் தனியாகத் தொழுதால் கூடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடும். ஆனால் சேர்ந்து தொழும் ஜமாஅத்துக்கு, தனியாகத் தொழுவதைவிட 27 மடங்கு சிறப்பு என்று புகாரி, முஸ்லிம் என்ற இரண்டு நபிமொழி நூல்களிலும் ஹதீஸ் இருக்கிறது, விட மனசு வராதுதான். அதே சமயம் கடுங்குளிர் இரவில் இருப்பிடத்திலேயே தொழுதுகொள்ளுங்கள் என்று பாங்கு சொல்பவரையே அறிவிக்கவைத்தவர்கள் நபி (ஸல்).

அறையில் உங்களோடு இன்னொருவர் சேர்ந்து தொழுதாலே ஜமாஅத்தான். ஒருவர் இமாமாக முன்னின்று தொழவைக்க, மற்றவர் அவருக்கு வலப்பக்கம் நிற்கட்டும். நான் குன்னூரில் இருந்தபோது இரவே ஃபிளாஸ்க்கில் வெந்நீர் ஊற்றிவைப்பேன். குழாய்த் தண்ணீரில் ஒளு செய்தால், அதாவது தொழுகைக்கு முன் கை கால் முகம் கழுவினால், விரல் மரத்து, தொழுகையைத் தொடங்கக் கை உயர்த்தித் தக்பீர் கட்டவே வராது! அப்புறம், வெள்ளிக்கிழமை மதியத் தொழுகையான ஜும்ஆவை மட்டும் விடாதீர்கள். மேனேஜரிடம் இப்போதே பேசி ஷிஃப்டை மாற்றிக்கொள்ளுங்கள்.