தி ஸ்மித்ஸ்: கிடார் முதல் கோர்ட் வரை, கேள்வி பதில்

கேள்வி: ஸ்மித்ஸை இப்போதுதான் கேட்கப்போகிறேன். ஆல்பங்களை வரிசையாகக் கேட்டால் போதுமா சார்?

போதாது. 1980-களின் இந்த ஆங்கில ராக் குழுவுக்கு ஸ்டுடியோ ஆல்பங்கள் நாலுதான்: தி ஸ்மித்ஸ் (1984), மீட் இஸ் மர்டர் (1985), தி குயீன் இஸ் டெட் (1986), ஸ்ட்ரேஞ்ச்வேஸ் ஹியர் வி கம் (1987). அவர்களுடைய உச்சமான பாட்டுகள் பலவும் சிங்கிளாகவோ (தனிப்பாட்டு இசைத்தட்டு), சிங்கிளின் பின்பக்கத்திலோ வந்தவை. அதனால் 1984 நவம்பரில் வந்த ஹாட்ஃபுல் ஆஃப் ஹாலோ தொகுப்பில் தொடங்குங்கள். பிபிசி வானொலிக்காகப் பதிவு செய்த பாட்டுகள் அதில் நிறைய. முதல் ஆல்பத்தில் மந்தமாக ஒலிக்கும் பாட்டுகள்கூட அங்கே துள்ளும். அந்த முதல் ஆல்பம் ட்ராய் டேட் தயாரிப்பில் ஒருமுறை பதிவாகி, ஓரங்கட்டப்பட்டு, ஜான் போர்ட்டரை வைத்து மறுபடி பதிவானது. அடுத்து நேராக குயீன் இஸ் டெட்.

கேள்வி: 'ஹவ் சூன் இஸ் நவ்' பாட்டில் கிடார் துடிக்கிறதே, அது என்ன பெடல்?

பெடலே இல்லை. குழுவின் கிடாரிஸ்ட் ஜானி மார் முதலில் எபிஃபோன் கஸீனோ கிடாரில், ட்ரெமலோ (ஒலி ஏறி இறங்கித் துடிக்கும் எஃபெக்ட்) போடாமல், ரிதத்தை டேப்பில் பதிந்தார். பிறகு அந்த டேப்பை நான்கு ஃபெண்டர் ட்வின் ரிவெர்ப் ஆம்ப்கள் வழியாக ஓடவிட்டு, அவற்றிலேயே உள்ள ட்ரெமலோவின் துடிப்போடு திரும்பப் பதிந்தார்கள். சிக்கல் என்னவென்றால், நான்கு ஆம்ப்களின் துடிப்பும் ஒன்றோடொன்றும் பாட்டின் தாளத்தோடும் சேர்ந்து நிற்காது. சற்று நேரத்திலேயே விலகிவிடும். அதனால் பத்து பத்து நொடியாக, நிறுத்தி நிறுத்திப் பதிந்தார்கள்.

வீட்டில் செய்ய, தட்டித் தட்டி வேகத்தை அமைக்கும் வசதி (tap tempo) உள்ள ஒரு ட்ரெமலோ போதும். முதலில் துடிப்பில்லாமல் பதிந்துவிட்டு, எஃபெக்டைப் பிறகு போடுங்கள். வாசிக்கும்போதே போட்டால் கை அந்தத் துடிப்பைத் துரத்தத் தொடங்கும், தாளம் தள்ளாடும். கேபோ (எல்லாக் கம்பிகளையும் அழுத்திப் பிடிக்கும் கவ்வி) இரண்டாவது ஃப்ரெட்டில் (கிடார் கழுத்தின் குறுக்குப் பட்டை).

கேள்வி: யூடியூப் பார்த்து 'திஸ் சார்மிங் மேன்' வாசிக்கிறேன். சுருதி சேரவில்லை, அண்ணா.

ஆரம்ப காலத்தில் மார் கிடாரையே இரண்டு ஃப்ரெட் அளவு ஏற்றி ட்யூன் செய்வார். நீங்கள் அப்படி முறுக்க வேண்டாம், மெல்லிய கம்பி அறுந்துவிடும். வழக்கமான ட்யூனிங்கில் இரண்டாவது ஃப்ரெட்டில் கேபோ போட்டால் அதே சுருதி. ஃப்ரெட்டை ஒட்டினாற்போலப் போடுங்கள். போட்டபின் மறுபடி ட்யூன் செய்யுங்கள், இல்லாவிட்டால் சுருதி கொஞ்சம் ஏறி நிற்கும். அந்தப் பாட்டில் ஒரே கிடார் என்றும் நினைக்காதீர்கள். சுமார் பதினைந்து கிடார் ட்ராக்குகளுக்கு அடியில், ஓபன் ட்யூனிங்கில் (விரல் வைக்காமலே ஒரு கார்ட் ஒலிக்கும் சுருதி) ஆம்ப் மேல் கிடத்திய டெலிகாஸ்டர் கிடாரின் கம்பிகளில் உலோகப்பிடி வைத்த கத்தியை விழவிட்ட சத்தமும் உண்டு என்று மாரே சொல்லியிருக்கிறார்.

கேள்வி: இவ்வளவு நன்றாகப் போனவர்கள் ஐந்தே வருடத்தில் ஏன் பிரிந்தார்கள்?

மேனேஜர் இல்லாததுதான் பெரிய காரணம் என்பேன். ஜோ மாஸ் 1983 கடைசியில் விலகிய பிறகு நிலையாக யாரும் அமையவில்லை. நிர்வாகச் சுமை மார் தலையில் விழுந்தது. இசைத்தட்டுகளை வெளியிட்ட ரஃப் ட்ரேட் நிறுவனத்தோடு ஏற்பட்ட சட்டத் தகராறில் குயீன் இஸ் டெட் மாதக்கணக்கில் தாமதமானது. 1987-ல் மார் வெளியேறினார். இஎம்ஐ என்ற இன்னொரு இசைத்தட்டு நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டிருந்தும் அவர்களுக்காக ஒரு பாட்டுகூடப் பதிவாகவில்லை.

கேள்வி: ட்ரம்மர் கேஸ் எதற்காக?

பாட்டெழுதிய உரிமைக்காக அல்ல. அது பாடகர் மாரிஸ்ஸி, மார் இருவருக்கே. பதிவு, நிகழ்ச்சி வருமானத்தில் இவர்களுக்குத் தலா 40 சதவீதம், ட்ரம்மர் மைக் ஜாய்ஸுக்கும் பேஸ் கிடார் வாசித்த ஆண்டி ரோர்க்குக்கும் தலா 10. இதற்கு எழுத்தில் ஒப்பந்தம் கிடையாது. பிரிட்டனின் 1890-ஆம் ஆண்டு பங்குதாரர் சட்டப்படி, வேறு உடன்பாடு நிரூபணமாகாவிட்டால் எல்லோருக்கும் சமபங்கு. 1996-ல் ஜாய்ஸ் 25 சதவீதம் வென்றார். நிலுவையே சுமார் பத்து லட்சம் பவுண்டு. மாரிஸ்ஸியின் மேல்முறையீடு 1998-ல் தள்ளுபடி. ரோர்க் முன்பே 83,000 பவுண்டுக்குச் சமரசமாகியிருந்ததால் அவருக்கு 10 சதவீதமே நின்றது. குழு நடத்துகிறவர்கள் முதல் ரெக்கார்டிங்குக்கு முன்னால் பங்கை எழுதி, எல்லோரும் கையெழுத்துப் போட்டுவிடுங்கள்.

கேள்வி: மறுபடி சேர வாய்ப்பு?

நால்வராக இனி இல்லை. ரோர்க் 2023 மே மாதம் கணையப் புற்றுநோயால் காலமானார். அவருடைய வாசிப்பைத் தனியாகக் கவனிக்க, மீட் இஸ் மர்டரில் 'பார்பரிஸம் பிகின்ஸ் அட் ஹோம்' போடுங்கள். ஏழு நிமிடப் பாட்டை பேஸ்தான் தூக்கிச் செல்கிறது. ஹெட்ஃபோனில் கேளுங்கள், போன் ஸ்பீக்கரில் பேஸ் கேட்காது.