அந்தமான் காட்டில் சொந்தம் எது, வந்தது எது? கேள்வி பதில்

அந்தமான் நிக்கோபார் தீவுகளின் பாலூட்டிகளைப் பற்றிக் கேளுங்கள் என்று சொன்னதும் நிறையக் கேள்விகள் வந்துவிட்டன. ஒரே விஷயத்தைப் பலர் கேட்டிருந்த இடங்களில் ஒருவரின் கேள்வியை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

கவிதா, மதுரை: போர்ட் பிளேர் பக்கத்தில் ராஸ் தீவுக்குப் போயிருந்தோம். புள்ளிமான்கள் பயமே இல்லாமல் கிட்டே வந்தன. அவை அந்தமானுக்கே உரிய மான்களா?

இல்லை. புள்ளிமானின் சொந்த ஊர் இந்தியத் துணைக்கண்டத்தின் பெருநிலப் பகுதியும் இலங்கையும்தான். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேயர்கள் வேட்டைக்கென்று கொண்டுவந்து விட்டார்கள். இங்கே புலி, சிறுத்தை, செந்நாய் எதுவும் கிடையாது. மான் நன்றாக நீந்தும் என்பதால் தீவு தாண்டித் தீவு பரவிவிட்டது. லிட்டில் அந்தமான் மட்டும் தப்பித்தது. 1950களில் மானைக் கட்டுப்படுத்த இரண்டு சிறுத்தைகளைக் கொண்டுவந்து விட்டுப் பார்த்தார்கள். அவை நிலைக்கவில்லை. நல்லவேளை என்றுதான் சொல்வேன். கேளையாடு என்ற சிறிய மான் வகையையும் கொண்டுவந்தார்கள், ஆனால் அது புள்ளிமான் அளவுக்குப் பெருகவில்லை.

ஒரு வேண்டுகோள்: அடுத்த முறை போனால் பிஸ்கட் கொடுக்காதீர்கள்.

சரவணன், கோவை: மான் ஒரு சாதுவான பிராணி. அது இருந்தால் காட்டுக்கு என்ன கெடுதல்?

இந்தக் கேள்விக்காகத்தான் இத்தனை நாள் காத்திருந்தேன். மான் நிறைய இருக்கும் ஒரு காட்டுக்குள் போய்க் குந்தி உட்கார்ந்து பாருங்கள். தரையிலிருந்து மானின் வாய் எட்டும் உயரம் வரைக்கும் பச்சை மிகக் குறைவாக இருக்கும். வெகுதூரத்தில் நிற்கும் மரத்தின் அடிகூடத் தெரியும். அதற்கு மேலே ஒரே மட்டத்தில் இலைகள் தொடங்கும், யாரோ கத்தரிக்கோலால் வெட்டிவிட்ட மாதிரி. மேலே பார்த்தால் காடு செழிப்பாகத்தான் தெரிகிறது. கீழே அடிக்காடு போய்விட்டது. விழுகிற விதை முளைக்கிறது, இரண்டு இலை விட்டதும் மேயப்படுகிறது. பெரிய மரம் ஒன்று சாய்ந்தால் அந்த இடத்தை நிரப்பக் கன்று இல்லை.

அதோடு நிற்பதில்லை. தரையிலும் தாழ்ந்த செடிகளிலும் வாழும் பல்லி, ஓணான் வகைகள் மான் மேயும் இடங்களில் குறைந்துபோயிருப்பதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். அவற்றில் சில உலகில் வேறெங்கும் இல்லாதவை. மான் பல்லியைத் தின்பதில்லை, பல்லியின் வீட்டைத் தின்றுவிடுகிறது. மான்மீது எனக்குக் கோபம் கிடையாது. அதைக் கப்பலில் ஏற்றியது மனிதன்தானே.

அன்வர், காயல்பட்டினம்: அப்படியானால் அந்தமானின் சொந்தப் பாலூட்டிகள் எவை?

பெரும்பாலும் வௌவால்கள், எலிகள், மூஞ்சூறுகள். கடல் தாண்டிவர இறக்கை வேண்டும், இல்லையென்றால் மிதந்து வரும் மரக்கட்டையைப் பற்றிக்கொள்கிற அளவுக்குச் சின்ன உடம்பு வேண்டும். இவற்றைத் தாண்டினால் ஒரு மரநாய் இருக்கிறது. முகத்தில் முகமூடி போட்டதுபோல் பட்டை கொண்ட வகை. ராத்திரியில் நடமாடும், பழம்தான் பிடித்த உணவு. பப்பாளி வைத்திருக்கும் வீட்டுக்காரர்களுக்கு இதை நன்றாகத் தெரியும்.

மூஞ்சூறை யாரும் மதிப்பதில்லை, எனக்கு அது பெரிய வருத்தம். நார்கொண்டம் என்ற எரிமலைத் தீவின் பரப்பு சுமார் 7 சதுர கிலோமீட்டர்தான். அங்கே வாழும் ஒரு மூஞ்சூறு, அறிவியலுக்குப் புதிய இனம் என்று 2021இல்தான் அறிவிக்கப்பட்டது.

முருகேசன், திருச்சி: காட்டுப்பன்றி சொந்தமா, வந்ததா? இரண்டு விதமாகவும் படித்திருக்கிறேன் ஐயா.

நல்ல கேள்வி. பழங்குடிகள் தலைமுறை தலைமுறையாகத் தின்றுபோட்ட சிப்பிகள் மேடுகளாகக் குவிந்து கிடக்கின்றன. 1950களில் லிடியோ சிப்ரியானி என்ற இத்தாலிய மானுடவியலாளர் அவற்றைத் தோண்டியபோது, அடி அடுக்குகளில் பன்றி எலும்பும் இல்லை, மண்பாண்ட ஓடும் இல்லை. இரண்டும் மேல் அடுக்குகளில்தான் கிடைத்தன. ஆகவே மனிதர்களே பன்றியைக் கொண்டுவந்திருக்கலாம் என்பது ஒரு வலுவான கருத்து.

வந்ததே என்று வைத்துக்கொண்டாலும், மானையும் பன்றியையும் ஒரே தட்டில் வைக்க நான் ஒப்பமாட்டேன். பன்றி மிக நெடுங்காலமாக இந்தக் காட்டோடு வாழ்கிறது, அதை வேட்டையாடும் மனிதர்களும் கூடவே வாழ்கிறார்கள். அந்தமான் பழங்குடிகளான ஜாரவா மக்களுக்கும் ஓங்கே மக்களுக்கும் பன்றிதான் முக்கியமான இறைச்சி. மானை ஜாரவாக்கள் வழக்கமாக வேட்டையாடுவதே இல்லை. வெளியாட்கள் கண்ணி வைத்துப் பன்றியைத் திருடும்போது அந்த மக்களின் சோறுதான் திருட்டுப் போகிறது.

ஜான்சி, நாகர்கோவில்: அந்தமானில் காட்டு யானை இருக்கிறதாமே?

இருக்கிறது, ஆனால் காட்டிலேயே தோன்றிய கூட்டம் இல்லை. மரம் இழுக்கக் கப்பலில் கொண்டுவந்த யானைகள் அவை. வடக்கு அந்தமானில் மரம் வெட்டிய ஒரு தனியார் நிறுவனம் 1962இல் நொடித்துப்போனது. அப்போது சுமார் 40 யானைகளை இன்டர்வியூ தீவில் விட்டுவிட்டார்கள். பிழைத்தவை காட்டுயானைகளாகவே மாறிப்போயின. ஆய்வாளர் ரவூஃப் அலி அங்கே கவனித்தது இதுதான்: யானை மரத்தைச் சாய்க்கிறது, பட்டையை உரிக்கிறது. அந்த இடத்தில் முளைக்கும் கன்றை மான் தின்கிறது. யானை மட்டும் இருந்திருந்தால் காடு ஓரளவு சமாளித்திருக்கும், இரண்டும் சேர்ந்ததுதான் வினை.

ஹேவ்லாக் தீவில் கடலில் நீந்திப் புகழ்பெற்ற ராஜன் யானையும் மரவேலைக்கு வந்ததுதான். 2016இல் இறந்தது.

பெயர் வேண்டாம், டிக்லிபூர்: காய்கறித் தோட்டத்தை மான் விடுவதில்லை அண்ணா. கண்ணி வைக்கலாம் என்கிறார்கள்.

வேண்டாம் தம்பி. அயலிடத்திலிருந்து வந்ததானாலும் அதற்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு, வழக்கில் மாட்டிக்கொள்வீர்கள். கண்ணியில் பன்றியும் மாட்டும், நாயும் மாட்டும். எட்டடிக்குக் குறையாத வேலிதான் வழி. கம்பிக்குக் காசு இல்லையென்றால் பழைய மீன்வலையை இரண்டு மடிப்பாகக் கட்டுங்கள், அடியைக் கல் வைத்து இறுக்குங்கள். வலை தொய்ந்தால் கொம்பு சிக்கும், அதனால் வாரம் ஒருமுறை இழுத்துக் கட்டவேண்டும். சேதத்தை வனத்துறையிடம் எழுத்தில் கொடுத்து வையுங்கள்.

லட்சுமி, சென்னை: நிக்கோபார் குரங்குகளையும் யாராவது கொண்டுபோய் விட்டதா?

இல்லை, அவை அங்கேயே உள்ளவை. கிரேட் நிக்கோபார், லிட்டில் நிக்கோபார், கச்சால் ஆகிய மூன்று தீவுகளில் மட்டும் வாழும் நீளவால் குரங்கு வகை அது. தாழம்பழம் விரும்பித் தின்னும். 2004 சுனாமியில் கரையோரத் தாழைகள் பெருமளவு அழிந்தன. தென்னந்தோப்புக்குள் வருகிறது என்று அதைக் குறைசொல்வதற்கு முன் இதை நினைத்துப் பாருங்கள்.

பாலா, ராமேஸ்வரம்: எங்கள் ஊர் ஆவுளியா அங்கேயும் உண்டா?

உண்டு. அந்தமான் நிக்கோபாரின் மாநில விலங்கே ஆவுளியா என்கிற அந்தக் கடற்பசுதான். கடற்புல் இருக்கும் இடத்தில் பார்க்கலாம், ஆனால் அபூர்வம். பாக் விரிகுடாவில் உங்களுக்கு 2022இல் 448 சதுர கிலோமீட்டர் காப்பகம் அறிவித்திருக்கிறார்கள். அதைக் கைவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ரேவதி, ஈரோடு: போர்ட் பிளேருக்கு மாற்றலாகிப் போகிறோம். எங்கள் பூனையைக் கூட்டிப்போகலாமா?

கூட்டிப்போங்கள், ஆனால் கருத்தடை செய்த பிறகு. வீட்டுக்குள்ளேயே வைத்திருங்கள். நார்கொண்டத்தில் காவல்சாவடிக்கு உணவுக்காகக் கொண்டுபோன ஆடுகள் பெருகி, அந்தத் தீவுக்கே உரிய இருவாச்சிப் பறவையின் காட்டை மேயத் தொடங்கின. அப்புறம் அவற்றைப் பிடித்து வெளியேற்றப் பெரும்பாடு பட்டார்கள். விட்டுவிட்டுப்போன நாய்கள் கடற்கரையில் ஆமை முட்டையைத் தோண்டித் தின்கின்றன. மாற்றல் முடிந்து திரும்பும்போது பூனையையும் மறக்காமல் கூட்டிவந்துவிடுங்கள், பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வராதீர்கள்.