பாடக்குறிப்பை இலவச நூலாக்க: முதலில் படங்களைப் பாருங்கள்

வணக்கம் மேடம். மன்னார்குடியில் தாவரவியல் எடுக்கிறீர்கள், டெல்டா பயிர்கள் பற்றிய பாடக்குறிப்பை இலவச நூலாக்க வேண்டும், யாராவது விற்றுவிடுவார்களோ என்று பயம் என எழுதியிருந்தீர்கள். அருமையான காரியம், கைவிடாதீர்கள்.

எனக்குக் கவலை விற்பனை இல்லை, படங்கள்தான். கூகுளில் எடுத்ததை அனுமதி இல்லாமல் இலவச நூலிலும் போடக் கூடாது. குறுவை வயலில் இறங்கிப் பூக்கும் நெற்கதிரைப் போனிலேயே எடுங்கள். பக்கத்தில் ஸ்கேல் வைத்தால் அளவும் தெரியும். கிடைக்காத படத்தை விக்கிமீடியா காமன்ஸ் என்ற இலவசப் படக் களஞ்சியத்தில் தேடி, எடுத்தவர் பெயரையும் உரிமத்தையும் படத்தின் கீழேயே எழுதுங்கள்.

நூலை மற்றவர்கள் எப்படிப் பயன்படுத்தலாம் என்று ஆசிரியரே முன்கூட்டி அனுமதி தருவதுதான் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம்; அதில் விற்பனையைத் தடுக்கும் வகையும் உண்டு. நான் அதில் சிசி பை-எஸ்ஏ (CC BY-SA) என்ற வகையைத்தான் எடுக்கச் சொல்வேன்: ஜெராக்ஸ் கடைக்காரர் அச்சடித்து விற்கலாம், ஆனால் உங்கள் பெயர் இருக்க வேண்டும், திருத்தி வெளியிட்டால் அதே உரிமத்தில்தான் வெளியிட வேண்டும். அப்படி அச்சடித்தால் கணினி இல்லாத பிள்ளைக்கும் புத்தகம் போய்ச் சேரும். கொடுத்த உரிமத்தைத் திரும்பப் பெற முடியாது. அதனால் பதிப்புரிமை உங்களுடையதுதானா என்று கல்லூரியில் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம், பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்திருந்தால், அதை இன்றைய கணினியும் போனும் தமிழாகவே படிக்கும் யூனிகோடு முறைக்கு மாற்றுங்கள். இல்லையென்றால் மாணவர்கள் 'சம்பா' என்று தேடினால் ஒன்றும் வராது.