ஒரே வயிற்றுப்போக்கு, இரண்டு வைத்தியம்

கேள்வி: என் மகனுக்கு ஒன்றேகால் வயது. வயிற்றுப்போக்கு என்று சித்தூரில் காட்டினோம். ஓ.ஆர்.எஸ். பொட்டலமும் ஜிங்க் மாத்திரையும் மட்டும் எழுதிக் கொடுத்தார்கள். மறுநாளும் நிற்கவில்லை. கோபாலபுரம் செக்போஸ்ட் தாண்டிப் போய் இன்னொரு டாக்டரைப் பார்த்தோம். டிரிப் ஏற்றி, ஆன்டிபயாடிக் கொடுத்தார். முதல் டாக்டரோ, ‘கைட்லைன் அப்படித்தான்’ என்கிறார். என் குழந்தையைப் பார்க்காத யாரோ எழுதியது எப்படிச் சரியாகும்? நின்றுவிட்டதால் ஜிங்க்கையும் நிறுத்திவிட்டேன்.
- ஒரு வாசகி, கொழிஞ்சாம்பாறை

பதில்: நியாயமான கேள்வி அம்மா. என்னிடம் வரும் தாய்மார் பலர் மனதுக்குள் வைத்துக்கொண்டு போவதை நீங்கள் கேட்டுவிட்டீர்கள்.

கைட்லைன் என்பது எந்த நோய்க்கு என்ன வைத்தியம் என்று டாக்டர்களுக்காக எழுதிவைத்த வழிகாட்டி. பெரிய டாக்டர்கள் நாலு பேர் கூடி அபிப்பிராயம் சொல்லி அதை எழுதிய காலம் ஒன்று இருந்தது. இப்போது முதலில் கேள்வியைத் தெளிவாக எழுதிக்கொள்கிறார்கள்: ஓ.ஆர்.எஸ்.ஸோடு ஜிங்க்கும் கொடுத்தால் வயிற்றுப்போக்கு சீக்கிரம் நிற்குமா? அதைப் பற்றி நடந்த ஆய்வுகளைத் தேடி எடுக்கிறார்கள். சாதகமானதை மட்டும் பொறுக்கக் கூடாது. எவ்வளவு நம்பலாம் என்று உயர்ந்தது முதல் மிகக் குறைவு வரை நாலு படியாகத் தரம் பிரிப்பார்கள். ஜிங்க் சில குழந்தைகளுக்கு வாந்தி தரும். அதையும் கணக்கில் வைப்பார்கள். மருந்துக் கம்பெனியோடு தொடர்புள்ளவர் அதை முதலிலேயே சொல்லியாக வேண்டும். ஜிங்க் ஆய்வுகளில் 1995இல் வெளிவந்த ஒன்று டெல்லிக் குழந்தைகளிடம் நடந்தது. உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் 2004இல் ஜிங்க்கைப் பரிந்துரைத்தன. உங்கள் மகனைப் பார்க்கவில்லைதான். அவனைப் போன்ற ஆயிரக்கணக்கானவர்களைப் பார்த்து எழுதியது.

கண்ணால் கண்ட அனுபவம் போதாதா என்பீர்கள். காய்ச்சலில் ரத்த ஓட்டம் குறைந்து வரும் குழந்தைக்கு வேகமாக டிரிப் ஏற்றினால் பிழைக்கும் என்று நாங்கள் எல்லோரும் நம்பினோம். உகாண்டா, கென்யா, தான்சானியாவில் 3,000க்கு மேற்பட்ட குழந்தைகளை வைத்துச் சோதித்தார்கள்; முடிவு 2011இல் வந்தது. 48 மணி நேரத்துக்குள் இறந்தவர்கள், வேகமாக ஏற்றியவர்களில் நூற்றுக்குச் சுமார் 10.5, ஏற்றாதவர்களில் 7.3. அதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. ஆனால் வயிற்றுப்போக்குக் குழந்தைகளை அதில் சேர்க்கவில்லை. அதனால் அதை வைத்து உங்கள் மகனுக்கு டிரிப் தப்பு என்று சொல்ல மாட்டேன்.

வயிற்றுப்போக்கில் கண் குழிந்து, சோர்ந்து கிடந்து, குடிக்க முடியாமல், வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டால் மிக மெதுவாகத் திரும்பினால் டிரிப் கட்டாயம் வேண்டும். மலத்தில் ரத்தம் வந்தால், காலரா என்று சந்தேகம் வந்தால் ஆன்டிபயாடிக். இதெல்லாம் அதே கைட்லைனில் இருப்பதுதான். இப்படி ஏதாவது இருந்ததா என்று நீங்கள் எழுதவில்லை. இல்லையென்றால் முதல் டாக்டர் செய்தது போதும். ஓ.ஆர்.எஸ். போக்கை நிறுத்துகிற மருந்து இல்லை, போகிற நீரையும் உப்பையும் ஈடுகட்டுவது. மறுநாளும் போனது அதனால்தான். இதை அவர் உங்களை உட்காரவைத்துச் சொல்லியிருக்க வேண்டும். ‘கைட்லைன்’ என்ற ஒரு சொல் பதிலாகாது.

சரி, ஜிங்க்குக்கு வருவோம். நின்றுவிட்டாலும் தினம் 20 மில்லிகிராம் வீதம் 14 நாளை முடியுங்கள். அடுத்த இரண்டு மூன்று மாதத்தில் திரும்ப வருவதும் குறையும். மாத்திரையை ஒரு ஸ்பூன் ஆறவைத்த தண்ணீரிலோ தாய்ப்பாலிலோ போட்டால் கொஞ்ச நேரத்தில் கரைந்துவிடும். கொடுத்து அரை மணிக்குள் வாந்தி எடுத்தால் இன்னொரு தடவை கொடுங்கள். கஞ்சி, இட்லி, தாய்ப்பால் எதையும் நிறுத்த வேண்டாம்.