பதக்கமும் பேரும் சம்பாதித்த விளையாட்டு வீரர்கள் ஓய்வு பெற்றதும் ஏன் ஒடிந்து போகிறார்கள்?

கேள்விக்குக் கீழே "பணம், புகழ் எல்லாம் இருக்கிறதே, அப்புறம் என்ன குறை?" என்று ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள். அந்த வரிக்காகத்தான் எழுத உட்கார்ந்தேன். உங்கள் வீட்டிலோ உறவிலோ யாரோ ஆட்டத்தை விட்டுவிட்டுச் சும்மா இருக்கிறார் போலத் தெரிகிறது. தயவுசெய்து அவரிடம் இந்தக் கேள்வியை இப்படியே கேட்டுவிடாதீர்கள்.

நான் வாலிபால்காரன். மாநில அணிக்கு ஆடினேன், தேசியப் போட்டிகளுக்குப் போனேன், இந்திய அணித் தேர்வு முகாமோடு நின்றுவிட்டேன். "நீயெல்லாம் உச்ச வீரனா" என்று கேட்க வருபவர்களுக்காகவே இதை முதலில் சொல்லிவிடுகிறேன். உச்சத்தில் இருந்தவர்களையே பார்ப்போம். அமெரிக்க நீச்சல் வீரர் மைக்கேல் பெல்ப்ஸ் ஒலிம்பிக்கில் மொத்தம் 28 பதக்கம் வாங்கியவர், அதில் 23 தங்கம். 2012 லண்டனோடு ஓய்வு என்றார். 2014ல் குடித்துவிட்டு கார் ஓட்டிக் கைதானார். அப்போது உயிரோடு இருக்கவே விருப்பமில்லை என்று பிற்பாடு அவரே சொன்னார். பியோன் போர்க் 26 வயதில் டென்னிஸை விட்டார். 1991ல் திரும்பி வந்தபோது மற்ற எல்லோரும் புது மாதிரி மட்டைக்கு மாறியிருந்தார்கள். இவர் பழைய மர மட்டையோடு இறங்கி முதல் சுற்றிலேயே தோற்றார். நம்ம அபினவ் பிந்த்ரா 2008ல் பெய்ஜிங் ஒலிம்பிக்கில் துப்பாக்கி சுடுதலில் தங்கம் வாங்கினார். ஜெயித்த பிறகுதான் பெரிய வெறுமை வந்தது என்று வெளிப்படையாகப் பேசியிருக்கிறார். இவர்களில் யாருக்குப் பணக் குறை?

இனி என் கதை. எனக்கு ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் மத்திய அரசு வேலை கிடைத்தது. காலையில் கையெழுத்துப் போட்டால் போதும், நேராக கிரவுண்டுதான். போட்டிக்குப் போனால் சிறப்பு விடுப்பு. டிபார்ட்மென்ட் அணி ஜெயித்தால் பெரிய அதிகாரி கூடவே நின்று போட்டோ எடுத்துக்கொள்வார். என் பெயரில் ஒரு மேஜை எந்த செக்ஷனில் இருக்கிறது என்பதுகூட எனக்குச் சரியாகத் தெரியாது. யாரும் எதிர்பார்க்கவும் இல்லை. அவர்கள் வேலைக்கு எடுத்தது என் தாவலை.

முட்டி போனது. குதித்துக் குதித்து ஆடுகிறவர்களுக்கு முட்டிச்சில்லுக்குக் கீழே இருக்கும் தசைநார்தான் முதலில் தேயும். ஊசி போட்டு ஒரு சீசனை ஓட்டினேன். அடுத்த வருஷம் அணிப் பட்டியலில் பெயர் இல்லை. "இனிமே சீட்டுக்கு வந்துடுங்க" என்றார்கள், அவ்வளவுதான் வழியனுப்பு விழா.

சீட்டுக்கு, அதாவது ஆபீஸ் மேஜைக்குப் போனேன். எனக்குப் பிறகு சேர்ந்த பையன்கள் துறைத் தேர்வு எழுதி எனக்கு மேலதிகாரியாக இருந்தார்கள். "சார், இதுக்கு ஒரு நோட் போட்டு வச்சிடுங்க" என்றான் ஒருவன். மரியாதையாகத்தான் சொன்னான். நோட் என்றால் கோப்பில் எழுதும் அலுவலகக் குறிப்பு, அதை எப்படிப் போடுவது என்று எனக்குத் தெரியவில்லை. தலை நரைக்க ஆரம்பித்த பிறகு, வேலைக்கு வந்து இத்தனை காலம் கழித்து, அதைப் போய் யாரிடம் கேட்பது? மெதுவாக எழுதினால் பின்னாலிருந்து "ஸ்போர்ட்ஸ் கோட்டாப்பா" என்று ஒரு குரல் வரும். அதில் கெட்ட வார்த்தை எதுவும் இல்லை, புகாரும் கொடுக்க முடியாது.

இதைவிடக் கஷ்டம் சாயங்காலம் நாலு மணி. பள்ளிக்கூட நாளிலிருந்து அந்த நேரத்துக்கு ஷூ மாட்டிப் பழகிய உடம்பு, டீ குடித்தும் அடங்காது. கால் மேஜைக்கு அடியில் தானாக ஆடும். பசி மட்டும் பழைய பசிதான், வேலை செய்யாத உடம்புக்கு மூன்று வேளையும் அதே அளவு சாப்பாடு. எடை கூடியது, முட்டி இன்னும் வலித்தது. எத்தனை மணிக்கு எழுவது, என்ன சாப்பிடுவது, எப்போது தூங்குவது என்று எல்லாவற்றையும் கோச் சொல்லியே வளர்ந்தவனுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமையை எப்படிக் கழிப்பது என்று புரியவில்லை. வீட்டில் எரிந்து விழுந்தேன். மனைவி பொறுத்துக்கொண்டாள், அதுவும் எல்லா வீட்டிலும் நடக்காது.

"மாசம் பிறந்தா சம்பளம், இதுல புலம்பல் வேற" என்று சிலர் எழுதுவார்கள். சம்பளத்தைக் குறை சொல்லவில்லை ஐயா. சாந்தி சௌந்தரராஜனை நினைத்துப் பாருங்கள். 2006 தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளி வாங்கினார், பாலினச் சோதனை என்று சொல்லிப் பிடுங்கிக்கொண்டார்கள். சில வருஷம் கழித்து அவர் செங்கல் சூளையில் கூலி வேலை செய்வதாகப் பேப்பரில் வந்தது. பிறகு பயிற்சியாளர் டிப்ளமா முடித்து அரசுப் பயிற்சியாளர் ஆனார். அவர் பட்டதோடு என் மேஜைக் கவலையை ஒப்பிடவே மாட்டேன். ஆனால் அவருக்குப் பிடிமானம் எங்கே கிடைத்தது பாருங்கள், திரும்பவும் மைதானத்தில்தான்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தமில்லை என்றாலும். இப்போது ஞாயிறு காலையில் பிள்ளைகளுக்கு வாலிபால் சொல்லித் தருகிறேன். அப்பாக்கள் வந்து கேட்பது "என் பையன் நல்லா ஆடுறானா" என்று இல்லை. "ஃபார்ம் 2 கிடைச்சிடுமா, எந்த கேம்ல சார் போட்டி கம்மி?" என்றுதான். ஃபார்ம் 2 என்பது ஸ்போர்ட்ஸ் கோட்டாவுக்குக் காட்டும் சான்றிதழ். கல்லூரி சீட்டுக்குச் சான்றிதழ் வாங்கியதும் பையன் அந்தப் பக்கமே வருவதில்லை. அடிப்பவனுக்குப் பந்தைத் தூக்கிக் கொடுக்கும் ஒரு நல்ல செட்டரை அப்படி இழந்தேன், இன்னும் ஆறவில்லை.

சரி, நீங்கள் மனதில் வைத்துக் கேட்ட அந்த ஆள் விஷயம். "நடந்ததை மறந்துடு" என்று மட்டும் சொல்லாதீர்கள். நாலு மணிக்கு அவரை வெளியே கிளப்புங்கள். தூக்கமில்லை, குடி கூடுகிறது, வாழவே பிடிக்கவில்லை என்ற பேச்சு வருகிறது என்றால் மனநல மருத்துவரிடம் கூட்டிப் போங்கள், பெல்ப்ஸும் சிகிச்சைக்குப் போனவர்தான். துறைத் தேர்வு பாக்கி இருந்தால் இப்போதே எழுதச் சொல்லுங்கள். இன்னும் ஆடிக்கொண்டிருக்கும் தம்பிகளும் இதைக் காதில் போட்டுக்கொள்ளலாம்.

நான் நடுவர் தேர்வு எழுதிப் பாஸாகி, இப்போது நெட்டுக்குப் பக்கத்தில் ஸ்டாண்டில் ஏறி விசில் ஊதுகிறேன். போன சீசனுக்கான நடுவர் படி இன்னும் கைக்கு வரவில்லை. அதைப் பற்றி யாராவது தனியாக ஒரு கேள்வி போட்டால், இதைவிட நீளமாக எழுதத் தயார்.