நீச்சல் தெரியாதவர்கள் ஸ்கூபா டைவிங் போகலாமா? உங்கள் அனுபவம் என்ன?

போகலாம். எனக்கு நீச்சல் தெரியாது. கால் தரையில் படும்வரைதான் தண்ணீரில் என் வீரமெல்லாம். போன விடுமுறையில் நண்பர்கள் நாலு பேரோடு படகில் போய், கடலுக்கடியில் 25 நிமிடம் இருந்துவிட்டு முழுசாகத் திரும்பி வந்தேன். எங்கள் கூட்டத்தில் மீன் மாதிரி நீந்துகிறவன் 10 நிமிடத்தில் மேலே வந்துவிட்டான். அது ஏன் என்று சொன்னாலே உங்கள் கேள்விக்குப் பாதிப் பதில் கிடைத்துவிடும்.

முதலில் படகைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் என்னை அன்றைக்குப் படுத்தியது கடலின் ஆழம் இல்லை, படகுதான். முன்னால் உட்கார்ந்தால் படம் நன்றாக வரும் என்று அடித்துப்பிடித்து இடம் போட்டோம். படகின் மூக்குதான் அலைக்கு அலை எகிறும் என்பதை இடுப்பு சொல்லித்தான் தெரிந்துகொண்டோம். அரை மணியில் எனக்கு வாயில் எச்சில் ஊற ஆரம்பித்தது. படகின் தரையைப் பார்க்கும் கண் ‘எதுவும் அசையவில்லை’ என்கிறது. உள்காது ‘ஆடிக்கொண்டிருக்கிறாய்’ என்கிறது. இந்தப் பஞ்சாயத்தில் கடைசியாகத் தீர்ப்பு சொல்வது வயிறு. மீன்களுக்கு அன்றைய முதல் படையல் என்னுடையது. வாந்தி மாத்திரையைப் படகில் ஏறுவதற்கு முன்பே போட்டுக்கொள்ளுங்கள். குமட்டல் வந்த பிறகு போட்டால் அதுவும் சேர்ந்துதான் வெளியே வரும். படகோட்டி என்னைப் பின்பக்கம் நகர்த்தி, “ஃபோனப் பாக்காதீங்க, தூரத்துல கடலும் வானமும் சேர்ற எடத்தப் பாருங்க” என்றார். கொஞ்ச நேரத்தில் தலை நின்றது.

ஏறுவதற்கு முன்னாலேயே உடல்நிலை பற்றி ஒரு படிவம் கொடுத்திருந்தார்கள். ஒருவனுக்கு ஆஸ்துமா. “இல்லைன்னு போடுடா, யாருக்குத் தெரியப்போகுது” என்று நாங்களே உசுப்பேற்றினோம் (இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது). அவன் உள்ளதை எழுதினான்; ஆழத்துக்கு அனுமதி இல்லை என்றார்கள். லைஃப் ஜாக்கெட்டோடு மேலேயே மிதந்து, வாயில் மூச்சுக்குழாயைக் கவ்வியபடி தண்ணீருக்குள் பார்க்கும் ஸ்நார்க்கெலிங் செய்தான்.

எங்களுடையது அறிமுக டைவ். சான்றிதழ்ப் படிப்புக்குப் போனால் 200 மீட்டர் நீந்தணும், 10 நிமிடம் மிதந்து காட்டணும். அறிமுக டைவில் அதெல்லாம் கேட்கவில்லை. 12 மீட்டருக்குக் கீழே விடமாட்டார்கள். எங்களை 6 மீட்டர்வரைதான் கூட்டிப்போனார்கள். ஆளுக்கொரு பயிற்சியாளர், உங்கள் முதுகு சிலிண்டரைப் பிடித்தபடியே வருவார். சிலிண்டரில் இருப்பது ஆக்சிஜன் இல்லை, நாம் சுவாசிக்கும் இதே காற்றை அழுத்தி அடைத்தது. வாயால் மட்டும் மூச்சு விடவும், மாஸ்கில் புகுந்த தண்ணீரை மூக்கால் ஊதி வெளியேற்றவும் ஆழமில்லாத இடத்தில் பழக்கினார்கள். மாஸ்க்தான் எனக்குக் கண்டம். நாலு தடவை இருமிக்கொண்டு எழுந்தேன், ஐந்தாவது தடவை பிடிபட்டது.

கயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கும்போது 3 மீட்டர்கூடப் போயிருக்கமாட்டோம், காதுக்குள் ஊசி ஏற்றியது போல ஒரு வலி. சமாளித்துக்கொள்ளலாம் என்று பல்லைக் கடிப்பது முட்டாள்தனம். உள்ளங்கையை ஆட்டிவிட்டுக் காதைக் காட்டினேன். பயிற்சியாளர் என்னைக் கொஞ்சம் மேலே தூக்கி, மூக்கைப் பொத்தி மெதுவாக ஊதச் சொன்னார். ‘பட்’டென்று திறந்துகொண்டது. வலி வருவதற்கு முன்பே, முக்கால் மீட்டருக்கு ஒருதரம் இதைச் செய்தபடி இறங்கணுமாம். சளி பிடித்திருந்தால் காது திறக்காது, அன்றைக்குப் போகவே போகாதீர்கள்.

கீழே நான் முதலில் கவனித்தது மீன் இல்லை, சத்தம். ‘நறுக் நறுக்’ என்று யாரோ பக்கத்தில் உட்கார்ந்து முறுக்கு கடிப்பது போல. எந்தப் பக்கம் என்று தெரியவில்லை; தண்ணீரில் ஒலி காற்றைவிட நாலு மடங்குக்கும் மேல் வேகமாகப் போவதால் திசை நமக்குப் பிடிபடாது. பயிற்சியாளர் விரலை நீட்டினார். ஒரு கிளிமீன், பாறையில் அலகைப் பதித்துக் கடித்துவிட்டு இரண்டடி தள்ளிப்போய் வாலுக்கடியிலிருந்து வெள்ளையாகப் பொடியைத் தூவியது. கடித்த பவளம்தான் மணலாகி வருகிறது. பவளத் தீவுகளின் வெள்ளை மணலில் பெரும்பங்கு இப்படி வந்ததுதானாம். முந்தின நாள் அந்த மாதிரி மணலில்தான் உருண்டு புரண்டு படம் எடுத்திருந்தோம்.

இப்போது நம் நீச்சல் வீரன். அவனுக்குத் தண்ணீரில் தலை போனதும் மூச்சைப் பிடிப்பது ஊறிப்போன பழக்கம். ஸ்கூபாவில் செய்யவே கூடாதது அதுதான். 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேலே இருப்பதைப் போல இரண்டு மடங்கு; அங்கே இழுத்த காற்றை அடக்கிக்கொண்டு மேலே வந்தால் அது இரண்டு மடங்காக விரியப் பார்க்கும், நுரையீரல் தாங்காது. 6 மீட்டரிலும் இந்த ஆபத்து உண்டு. இவன் நெஞ்சு நிறைய அடக்குவான், உடனே பந்து மாதிரி மேலே கிளம்புவான், பயிற்சியாளர் இழுத்துப் பிடிப்பார். இதே கூத்து மூன்று தடவை. நான் வேறு வித்தை தெரியாததால் சொன்னபடி மூச்சை இழுத்து விட்டுக்கொண்டு சிவனே என்று கிடந்தேன்.

அப்போது ஓர் ஆமை வந்தது. வீரன் பரவசத்தில் கட்டைவிரலை உயர்த்தினான். தண்ணீருக்கடியில் அதற்கு ‘மேலே போகணும்’ என்று அர்த்தம். ‘நன்றாக இருக்கிறேன்’ என்றால் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வளையமாகச் சேர்க்கணும். பயிற்சியாளர் உறுதிசெய்துகொள்ளத் தானும் கட்டைவிரலைக் காட்ட, அவருக்கும் ஆமை பிடித்துவிட்டது என்று இவன் இன்னொரு தடவை காட்டினான். மேலே போய்த்தான் சண்டை. “நீங்கதானே தம்பி ரெண்டு தடவ கேட்டீங்க!”

நீங்கள் போவதாக இருந்தால் ஒன்று மட்டும்: டைவ் முடித்த கையோடு விமானம் ஏறாதீர்கள். ஒரே ஒரு டைவ் என்றாலும் 12 மணி நேரமாவது இடைவெளி வேண்டும், பல டைவ் என்றால் 18. உடம்பில் கரைந்திருக்கும் நைட்ரஜன் வெளியேற அந்த நேரம் தேவை. திரும்பும் டிக்கெட்டை அதைப் பார்த்துப் போடுங்கள்.

எங்கள் வாட்ஸ்அப் குழுவில் இப்போது யாரும் சம்மதத்துக்குக் கட்டைவிரல் போடுவதில்லை. போட்டால் அடுத்த நொடி, “ஏன்டா, மேல போகணுமா?” என்று வந்து நிற்கும்.